வரியைத் தள்ளிய வள்ளல்

“நாம கேட்டது கெணறு. அவுக வரியைத் தள்ளுறேங்குறாக. இது என்ன நாயம்?” என்றாள் அக்கம்மாள்.

“கெணத்தை அடுத்த எலெக்சன்ல பாத்துக்குவோம் புள்ள. தானா வர்ற சீதேவியக் காலால ஒதைக்காத” என்றான் அவள் புருஷன் சோணைமுத்து.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் அது. ரங்கூன் பணத்தில் எழும்பிய வீடுகளில் கட்டுக்கு ஒரு கிணறு. கூலிக்காரர் தெருவுக்கோ மாடு குளிக்கும் ஊருணிதான். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் போன கோடையில் வாந்திபேதி கண்டு அவர்கள் மகள் செத்துப்போனாள்.

தெருவில் ஒரு கிணறு வெட்ட, பெரிய வீடுகளுக்கு வரியை ஏற்ற வேண்டும். ஏற்றினால் முதலில் கட்ட வேண்டியவர் பஞ்சாயத்து போர்டுத் தலைவர் குமரப்பன் செட்டியார். அப்புறம் எங்கிருந்து கிணறு வரும்?

ஆனால் அவரே தெருவுக்கு நடந்து வந்தார்.

“ஏழைக கையில வரி வாங்குறது பாவமப்பா. இனிமே இந்தத் தெருவுல ஒருத்தரும் வீட்டு வரி கட்ட வேண்டாம்.”

தெருவே கையெடுத்துக் கும்பிட்டது. மாலை போட்டவன் சோணைமுத்து.

மறு வருஷம் தேர்தல் வந்தது. தச்சு வேலை பார்க்கும் வைரவன் ஆசாரி துணிந்து எதிர்த்து நின்றார்.

“நான் செயிச்சா பெரிய வீட்டுக்கு வரி, ஒங்க தெருவுக்குக் கெணறு” என்றார். பெரிய வீடுகளைவிடக் குடிசைகள் பல மடங்கு. ஆசாரி ஜெயித்த மாதிரிதான் என்று தெரு முழுக்கப் பேச்சு.

அக்கம்மாளுக்கு மட்டும் உறுத்தியது. “வரியைத் தள்ளுன மனுசருக்கு எதிரா ஓட்டுப் போட்டா, நன்றி கெட்டவுகன்னு சொல்லமாட்டாகளா?”

“நன்றிக்குத்தான் மாலை போட்டாச்சே. ஓட்டு எம் மகளுக்கு.”

குமரப்பன் செட்டியார் அந்தத் தெருவுக்கு ஓட்டுக் கேட்கக்கூட வரவில்லை. மனுஷர் பயந்துவிட்டார் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

தேர்தலன்று சோணைமுத்து விடிந்ததும் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, குன்றக்குடி முருகனை வேண்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றான். பின்னால் தெருவே நின்றது.

குமாஸ்தா தாள்களைப் புரட்டினார். “ஒம் பேரு இல்லை.”

“போன தடவை போட்டேனே சாமி.”

“ஒங்க தெருவுல ஒருத்தர் பேரும் இல்லை. அடுத்த ஆள் வா.”

“ஏஞ் சாமி? நாங்க என்ன தப்புப் பண்ணுனோம்?”

குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“வரி கட்டுறவுகளுக்குத்தானப்பா ஓட்டு.”