மூணாம் கவுன்ட்டர் மஞ்சள் லைட்டு

"பார்த்தீங்களா, மறுபடி போட்டுட்டா!"

எனக்கு முன்னால நின்னவர் பல்லைக் கடிச்சார். மூணாம் கவுன்ட்டர் மேல மஞ்சள் லைட்டு எரிஞ்சது. பில் போடுறவ ரெஸ்ட்ல இருக்கான்னு அர்த்தம்.

ரெஸ்ட்டுன்னா எழுந்து போகணுமில்ல? அவ போகலை. கையைக் கட்டிக்கிட்டு ஸ்டூல்லயே உட்கார்ந்திருந்தா. எதிர்ல இடுப்புக் குழந்தையோட ஒருத்தி ஒத்தைக் கையால ஒவ்வொண்ணா எடுத்துப் பையில போட்டுக்கிட்டிருந்தா. பின்னால நாங்க ஒன்பது பேர். மத்த ரெண்டு கவுன்ட்டரும் அந்த நேரம் மூடியிருந்தது.

ஆபீஸ் விட்டு நேரா வந்தவ நான். கால் ரெண்டும் கெஞ்சுது. வழக்கமா இந்தக் கடைக்கு வர்றது என் மாமனார்தான். அன்னிக்கு அவருக்குக் காய்ச்சல்.

கடை ஏன் மலிவுன்னு உள்ளே போனாலே தெரியும். சாமானை அடுக்க ஆள் கிடையாது, அட்டைப்பெட்டியோட முன்பக்கத்தைக் கிழிச்சு அப்படியே வச்சிருப்பாங்க. பையில போட்டுத் தரவும் ஆள் கிடையாது. பில் போட்டதும் சாமான் சரசரன்னு சரிஞ்சு வரும், அள்ளிக்கிட்டு ஓடணும். கொஞ்சம் அசந்தா அடுத்த ஆளோட எண்ணெய் டின் நம்ம சாமான் மேல வந்து இடிக்கும். இடிக்கட்டுமே, மத்த கடையைவிடக் கால்வாசி விலை குறைவு.

"ஏம்மா, நீ லைட்டைப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கே, நாங்க என்ன பொம்மையா?"ன்னு கேட்டேன்.

"ரெண்டே நிமிஷம்க்கா."

"உடம்பு வணங்கலைன்னா வீட்ல கிடக்கிறதுதானே?"

அவளுக்கு உதடு காய்ஞ்சு வெடிச்சிருந்தது. அடுத்ததா ஊன்றுகோலோட ஒருத்தர் வந்தார். மறுபடியும் லைட்டு! எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டாம, கடையோட ஆப்ல புகார் எழுதினேன். 'மூன்றாம் கவுன்ட்டர் ஊழியர் வாடிக்கையாளர்களை நிற்க வைத்துவிட்டு ஓய்வு எடுக்கிறார். கால் மணி நேரத்தில் மூன்று முறை!'

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "பாவம்டி. யார் பொழப்புலயும் மண்ணள்ளிப் போடாதே."

"பாவம் பார்த்தா விலை ஏறுங்க" ன்னு சொல்லிட்டு அனுப்பியும் விட்டேன்.

மாமாவைப் பத்திச் சொல்லணும். ரெண்டு வருஷம் முன்னால பக்கவாதம் வந்து, வலது கை நடுங்கும். கைக்கு வேலை கொடுங்கன்னு டாக்டர் சொன்னதால பால், முட்டை வாங்குறது அவர் பொறுப்பு. அந்த ஒரு வேலைக்குப் போகும்போதுதான் சட்டை மாத்தி, தலை சீவி, நிமிர்ந்து நடப்பார்.

ஆரம்பத்துல ஒவ்வொரு தடவையும் முட்டை உடைஞ்சு வரும். நானும் ஒரு நாள் பொறுக்கமாட்டாம, "இன்னொரு தடவை உடைஞ்சா நீங்க போகவே வேண்டாம் மாமா, வீட்டுக்கே வரவழைச்சுக்கலாம்" னு கத்திட்டேன். அதுக்கப்புறம் நாலு மாசமா ஒரு முட்டைகூட உடையலை. கை தேறிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன்.

காய்ச்சல் விட்டு, அடுத்த வாரம் கடைக்குப் போயிட்டு வந்தார். பையோட அடியில மஞ்சக்கரு சொட்டுச்சு. பன்னிரண்டுல ஏழு காலி.

"என்ன மாமா, கை மறுபடி மோசமாயிடுச்சா?"

"கை என்னிக்கும்மா நல்லா இருந்தது?" பையைத் தொட்டியில வச்சார். "எல்லாம் அந்தப் பொண்ணு புண்ணியம்."

"எந்தப் பொண்ணு?"

"மூணாம் கவுன்ட்டர் பொண்ணு. நிமிஷத்துக்கு இத்தனை சாமான் தள்ளணும்னு அங்கே மிஷின் எண்ணுது. என்னை மாதிரி ஆள் நின்னா எண்ணிக்கை விழுந்துடும், அதனால மத்தவங்க விரட்டுவாங்க. இவ மட்டும் லைட்டைப் போட்டுடுவா. லைட்டு எரியற நேரத்தை மிஷின் எண்ணாது, அவளோட ரெஸ்ட்ல கழிச்சுடும்."

நான் அடுப்பை அணைச்சேன்.

"கூடமாட எடுத்துப் போடலாம்னா, நம்ம சாமானை அவங்க தொடக் கூடாதாம். அதான் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பா. தண்ணி குடிக்க, பாத்ரூம் போக நாளுக்கு இருபது நிமிஷம் தர்றாங்களாம். அதைத்தான் எங்களுக்குப் பிச்சுப் பிச்சுக் கொடுத்தா. 'அப்ப நீ எப்பம்மா போவே?'ன்னு கேட்டேன். 'தண்ணி குடிச்சாத்தானேப்பா போகணும்'னு சிரிக்கிறா."

"இப்ப அவ எங்கே?"

"எந்தப் பாவியோ புகார் எழுதிப் போட்டிருக்கான். வேலையை விட்டே நிறுத்திட்டாங்க. லைட்டையும் கழட்டிட்டாங்க." நடுங்குற கையை இன்னொரு கையால பிடிச்சுக்கிட்டார். "இனிமே நான் போகலைம்மா. நீ சொன்ன மாதிரி வீட்டுக்கே வரவழைச்சுக்கோ."

தொட்டியிலிருந்த பையை எடுத்துக் கழுவ ஆரம்பிச்சேன்.

"ஒண்ணு மட்டும் செய்யேன். நீதான் போன்ல நல்லா எழுதுவியே. அவளை மறுபடி எடுத்துக்கச் சொல்லி ரெண்டு வரி எழுதும்மா. நீ எழுதினா கேப்பாங்க."

போனைத் திறந்தேன். கடையிலிருந்து காலையிலேயே பதில் வந்திருந்தது.

'தங்கள் புகாரின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. தங்களைப் போன்றவர்களால்தான் எங்களால் விலையைக் குறைவாக வைத்திருக்க முடிகிறது. நன்றி.'