மாமா அழுத்திய புள்ளி

மார்ச் 14. ஜிபிஎஸ் இடத்தைக் கணக்கிட மூன்று செயற்கைக்கோள் போதும் என்று நேற்று நான் எழுதியது தவறு. கருவியின் கடிகாரப் பிழையைத் திருத்த நான்காவதும் வேண்டும் என்று இன்று மாலை வகுப்பில் சொன்னார்கள். வீட்டில் அம்மா படகின் ஜிபிஎஸ் கருவியை மடியில் வைத்திருந்தாள். போன வாரம் அந்தப் படகிலிருந்துதான் கிளாட்வின் அண்ணன் கடலில் விழுந்தான்.

“இத்தன சேட்டிலைட்டு மேல நின்னு பாக்குதே, எம் மவன் எங்கன்னு ஒண்ணுக்குமா தெரியல?”

“அதுங்க பாக்காதும்மா. நேரத்தையும் அதுங்க இருக்கிற எடத்தையும் அனுப்பும். அத வச்சு இந்தக் கருவி தன் எடத்த மட்டும் கணக்குப் போடும்.”

“அப்ப இந்தப் புள்ளி?” திரையைத் தொட்டாள்.

அண்ணனைக் காணவில்லை என்று தெரிந்தபின் படகை ஓட்டிய சூசை மாமா இடம் குறிக்கும் பொத்தானை அழுத்திய புள்ளி அது. அதற்குள் படகு எவ்வளவு தூரம் ஓடியிருந்தது என்று யாருக்கும் தெரியாது.

“அண்ணன் விழுந்தது அங்கதாம்மா,” என்றேன்.

நாளை பூ வாங்க வேண்டும். அம்மாவை அந்தப் புள்ளிக்குக் கூட்டிப்போக மாமாவிடம் படகு கேட்க வேண்டும்.