ஐந்தாவது ஆள்

“காத்தையும் கொறச்சுப்புட்டு, ஆளையும் குப்புறப் போட்டுட்டா மனுசன் எப்படிப் பொழைப்பாரு?”

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவை மறித்துக்கொண்டு நின்றாள் அன்னக்கொடி. உள்ளே அவள் புருஷன் மருது, நிமோனியா முற்றி, ஆறு நாளாக மூச்சு மிஷினோடு கிடக்கிறான்.

நர்ஸ் பிருந்தா மூன்றாம் தடவையாக விளக்கினாள். நுரையீரல் புண்ணாகிக் கிடக்கிறது. முன்னெல்லாம் போல காற்றை முழுசாகத் தள்ளினால் தாங்காது. அதனால்தான் கொஞ்சங்கொஞ்சமாக விடுகிறார்கள். குப்புறப் படுத்தால் முதுகுப் பக்கம் அமுங்கின நுரையீரலும் விரியுமாம். இப்போது வந்திருக்கும் புது முறை.

“புது முறைக்கு எம் புருஷன்தான் கெடைச்சாரா?”

அவள் ஆத்திரம் மிஷின் மேல் மட்டுமில்லை. சொந்த ஊர் திருவாதவூரே திரண்டு வந்து பார்த்துவிட்டது. மருதுவின் கூடப்பிறந்த அண்ணன் வீரணன் எட்டிப் பார்க்கவில்லை. இந்தா இருக்கிற பரவை மார்க்கெட்டில்தான் மூட்டை தூக்குகிறார். போன வருஷம் மருது மகள் காதுகுத்துக்கு அவரை நேரில் போய் அழைக்காமல் பத்திரிகையை ஆளிடம் கொடுத்துவிட்டார்களாம். அன்றைக்கு முறுக்கிக்கொண்டவர்தான்.

அதுக்காகத் தம்பி சாகக் கிடக்கையிலுமா? மூட்டை தூக்கித் தூக்கி நெஞ்சுல ஈரமே வத்திப்போச்சு என்று வந்தவர் போனவரிடமெல்லாம் வைது தீர்த்தாள்.

சாயங்காலம், மருதுவை மல்லாக்கத் திருப்பும் நேரம். பிருந்தா உள்ளே ஓட, கதவு சாத்துவதற்குள் அன்னக்கொடியும் நுழைந்துவிட்டாள்.

கட்டிலைச் சுற்றி ஐந்து பேர். ஒருத்தர் தலையையும் குழாயையும் பிடித்துக்கொள்ள, மற்ற நாலு பேரும் விரிப்போடு சேர்த்து ஆளைப் புரட்டினார்கள். குழாய் ஒரு நூல் அசையவில்லை.

அதில் ஒருத்தர் கைலிக்கு மேல் ஆஸ்பத்திரி அங்கி மாட்டியிருந்தார். முகமூடிக்கு மேலே தெரிந்த கண்கள் அவளுக்கு நன்றாகத் தெரிந்த கண்கள்.

“திருப்புறதுக்கு அஞ்சு பேரு வேணுங்கக்கா. எங்ககிட்ட நாலு பேருதான். குப்புறப் போட ஆரம்பிச்ச நாள்லருந்து காலையும் சாயங்காலமும் இவருதான் வாராரு” என்றாள் பிருந்தா. “மூட்டை பிரியாமப் புரட்டிப் பழகின கை. இவரு இல்லாமத் திருப்ப வேணாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. நேத்துலருந்து ஆக்சிஜனும் ஏறுது.”

அன்னக்கொடி கட்டிலருகே போய் நின்றாள்.

“முன்வாசல் வழியா வந்திருக்கலாம்ல, மாமா?”

தம்பியின் காலடியில் சுருண்டிருந்த விரிப்பை இழுத்துவிட்டபடி, நிமிராமலே சொன்னார் வீரணன்.

“எம் மூஞ்சியில முழிக்காதீகன்னு அன்னைக்கு நீதானத்தா சொன்ன. அதான் பின்பக்கப் படியில வாரேன்.”