விலாசமில்லாத சீட்டு

"பேரும் இல்ல, ஊரும் இல்ல. இந்தச் சீட்டுக்கு நான் எப்படி ஜெபம் பண்றது, பாஸ்டர்?"

ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஓய்வுபெற்ற தபால்காரர் அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் வீடு வீடாகக் கடிதம் கொடுத்த மனிதர். விலாசமில்லாமல் எதுவும் போய்ச் சேராது என்பது அவர் கட்சி.

"கூச்சப்படுறவங்களுக்காகத்தானே சபை வாசல்ல பெட்டி வெச்சிருக்கோம்? ஜெபக்குழுத் தலைவர் நீங்களே இப்படிச் சொன்னா எப்படிங்க ஐயா?" என்ற பாஸ்டர், சீட்டை வாசித்தார். "'இரண்டு வருடமாகத் தினம் மூன்று வேளையும் வீட்டில் பெரிய சோதனை. வாய்திறந்து சொல்லவும் வழியில்லை. பாரம் இறங்க ஜெபிக்கவும். இப்படிக்கு, ஒரு சகோதரி.'"

தபால்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அவள் தோள்பையோடு வந்து உட்கார்ந்ததும், தட்டை முன்னால் வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"யாரா இருக்கும்? தையல்காரம்மாவா? அவங்க மாமியார் ஒரு மாதிரி."

"பேரு போடாதவங்களை எதுக்குங்க துருவுறீங்க?"

"மூணு வேளையும்னா, புருஷன் கைநீட்டுறானோ?"

"அப்படியெல்லாம் இருக்காது. தங்கமான மனுஷனாக்கூட இருக்கலாம்."

"தங்கமானவன் எப்படிடி பொண்டாட்டிய மூணு வேளையும் அழவிடுவான்?"

அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, மடமடவென்று தண்ணீர் குடித்தாள்.

தபால்காரருக்கு இதில் ஒரு சொந்த ஏக்கமும் உண்டு. பன்னிரண்டு வருடமாகத் தலைவர். மற்றவர்கள் ஜெபித்தால் யாருக்காவது வேலை கிடைக்கிறது, காய்ச்சலாவது விடுகிறது. தலைவர் ஜெபித்து இது நடந்தது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஒருவரும் எழுந்து சாட்சி சொன்னதில்லை. பலகாலமாக அது அவரை உறுத்திக்கொண்டிருந்தது.

"முடிவு பண்ணிட்டேன். அந்தச் சகோதரிக்காக மூணு நாள் உபவாசம். அடுப்பே பத்தவைக்க மாட்டேன். வாசனை வந்தா மனசு அலைபாயும். உன் பாடுதான் திண்டாட்டம்."

"என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க. கேன்டீன்ல பாத்துக்கறேன்."

"நான் ரிட்டையர் ஆன நாள்லேருந்து உன்ன ஒரு வேளை வெளிய சாப்பிட விட்டதில்லையே?"

"ஆமாங்க, விட்டதே இல்ல. என்ன பண்றது, கர்த்தருக்காகத்தானே" என்று அவள் பெருமூச்சு விட்டாள்.

முதல் நாள் வயிறு கூப்பாடு போட்டது. இரண்டாம் நாள் முழங்காலும் கூப்பாடு போட்டது. மனிதர் அசையவில்லை. "ஆண்டவரே, விலாசம் எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியும். அந்தப் புருஷன் மனசை மாத்தும்" என்று அழுது ஜெபித்தார். தண்ணீரும் பழச்சாறும் தவிர எதுவும் தொடவில்லை.

மனைவியோ மூன்றாம் நாள் மாலை வாசலிலேயே ஒரு கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் அப்படியொரு தெளிவு. ஜெபம் நடக்கிற வீட்டில் முகம் மலரத்தானே செய்யும் என்று தபால்காரர் பூரித்துப்போனார்.

நாலாம் நாள் காலை. உபவாசம் முடிந்த கையோடு மனைவிக்கு விருந்து வைத்து அசத்திவிட நினைத்தார். பூசணிக்காயை நறுக்கி, அன்னாசிப் பழச்சாற்றில் ஊறவைத்து, மேலே நான்கு ஸ்பூன் மிளகுத்தூளைத் தூவினார். மூன்று நாள் பட்டினியில் உதித்த யோசனை. தீப்பெட்டியை எடுத்தபோது ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"ஐயா, அதே கையெழுத்துல இன்னொரு சீட்டு வந்திருக்கு. உங்க ஜெபத்துக்குப் பதில் கெடச்சிருச்சு."

"ஸ்தோத்திரம்!" பன்னிரண்டு வருடக் காத்திருப்பு. "அந்தப் புருஷன் திருந்திட்டானா, பாஸ்டர்? வாசிங்க, வாசிங்க" என்றபடியே தீக்குச்சியைக் கிழித்தார்.

பாஸ்டர் ஏனோ இருமுறை செருமிக்கொண்டார்.

"'மூன்று நாளாக என் கணவர் அடுப்புப் பக்கமே போகவில்லை. பாரம் இறங்கியது. தலைவருடைய உபவாசத்தை நாற்பது நாளாக நீட்டிக்க வழியுண்டா?'"

தபால்காரர் கையில் எரிந்துகொண்டிருந்த தீக்குச்சியை, பின்னாலிருந்து எட்டிப்பார்த்த மனைவி மெதுவாக ஊதி அணைத்துவிட்டு, "ஆமென்" என்றாள்.