ஜோடி அணு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், 1962 சீசனில், குற்றாலத்து லாட்ஜ் ஒன்றின் கீழ் அறையில், கண்ணுக்குத் தெரியாத வாயுவின் அந்தரங்கம் அம்பலமானது. அம்பலப்படுத்தியவர் பௌதிகப் பேராசிரியர் ஆவுடைநாயகம். கேட்டவர் லாட்ஜ் மேனேஜர் வேல்சாமி.

"சார், குடும்பம் குடும்பமா சாரல்ல நனைஞ்சிட்டு நிக்காவ. ரெண்டு பேர் ரூம்ல ஒத்தையா இருக்கியளே, விட்டுத் தாங்க."

"என் சம்சாரம் இன்னைக்கு ரயில்ல வாரா. வருஷா வருஷம் இதே ரூம்தானவே?"

"நேத்தும் அதைத்தான் சொன்னிய."

"பொறும்வே. வாயுவைப் பாக்காமலே, அதோட வெப்பக் கொள்ளளவை அளந்து, அணு தனியா இருக்கா ஜோடியா இருக்கான்னு நான் சொல்லிருவேன், தெரியுமா?"

"எப்படி சார்?"

"ஒரே அளவு சூடு கொடும். தனி அணு சட்டுனு சூடேறிரும். ஜோடின்னா, கொஞ்சம் சூட்டைச் சேர்ந்து சுத்துததுலேயே செலவழிச்சிரும். அவ்வளவா சூடேறாது." குரல் இறங்கியது. "ஜோடியா இருந்தா தாங்கிக்கிடலாம்வே."

வேல்சாமி காப்பித் தம்ளருடன் மாடிக்குப் போனார். கடைசி அறைக் கதவு ஒரு சாண் திறந்தது.

"கீழ இருக்கவரு போயிட்டாரா?"

"இல்லம்மா. ரயில் நேரம் பாத்துக்கிட்டு இருக்காவ. பாவமா இருக்கு. சொல்லிரட்டுமா?"

"மூச்சு விட்டுராதிய. முப்பது வருஷமா வாயுவைக் கேட்டாச்சு. இந்த ஒரு சீசன் அருவியைக் கேட்டுட்டுப் போவுதேன்."

முன்கூட்டியே பஸ்ஸில் வந்திறங்கிவிட்ட பேராசிரியரின் மனைவி முத்துவடிவு, காப்பியை வாங்கிக்கொண்டு கதவைத் தாழிட்டாள்.