தலைகீழ்க் குடை

ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும். ஒரு பிள்ளையைக் கொண்டுபோக அதற்குமேல் வேண்டாம்.

எந்த வீட்டுக் கேட்டைத் திறந்தாலும் அவள் மனதுக்குள் இதுதான் ஓடும். யாரிடமும் சொன்னதில்லை.

மகள் தர்ஷினி டெங்குவில் போன மறுமாதமே இந்த வேலைக்கு வந்துவிட்டாள். தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்கும் வேலை. இருந்தால் கொட்ட வேண்டும்.

இல்லாவிட்டாலும் அவள் கொட்டினாள். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், நாய்க்கு வைத்த கிண்ணம். கொட்டிய கையோடு ஈரத்தைச் சேலையில் அழுந்தத் துடைத்துக்கொள்வாள். ஒரு சொட்டுகூட மேலில் தங்கக் கூடாது.

இந்த வீட்டில் ஆள் இல்லை. வாசலோரம் அகலமான பிளாஸ்டிக் தொட்டி. தண்ணீருக்குள் இடுப்புயரத்தில் கோரை மாதிரி ஒரு செடி. வயலில் அவள் களையென்று பிடுங்கி எறிந்த கோரைக்கு இது சொந்தமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அழகுக்கு வளர்த்தது. ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் ஒரு பச்சைக் குடை விரிந்திருந்தது.

தொட்டியின் விளிம்பைப் பிடித்தாள்.

ஓரத்தில் ஒரு குடை தலைகீழாக மிதந்தது. யாரோ தண்டோடு வெட்டிக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். இலைகள் பழுத்துப் பாதி அழுகியிருந்தன.

குப்பை. வெளியே எறியத் தூக்கினாள்.

கை நின்றுவிட்டது.

அழுகிய இலைகளின் நடுவிலிருந்து வெள்ளை வேர்கள் தொங்கின. நூல் நூலாக. நீர் சொட்டியது. வேர்களுக்கு மேலே மூன்று குருத்துகள். நகத்தளவில் மூன்று குடைகள், வானத்தைப் பார்த்து.

மண் இல்லை. விதை இல்லை.

வெட்டுப்பட்ட தலை. தண்ணீர்.

தண்ணீர்தான்.

டார்ச்சை அடித்துக் குனிந்தாள். அடியில் புழுவைத் தின்னும் கப்பி மீன்கள் சிதறி ஓடின. புழு ஒன்றுகூட இல்லை. மறுபடியும் பார்த்தாள். இந்த முறை புழுவைத் தேடவில்லை.

"என்னம்மா, தொட்டிக்குள்ள விழுந்துட்டியா?" தெருவிலிருந்து சூப்பர்வைசர் செல்லத்துரை. "கவுத்துட்டு வா. இன்னும் ரெண்டு தெரு கெடக்கு."

"மீனு கெடக்குண்ணே. புழு இல்ல."

"நேத்து பூசாரி வீட்டுத் தீர்த்தச் செம்பையே கவுத்தவ நீ. இன்னிக்கு என்ன புதுசா ஞாயம்? கவுத்துவுடும்மா."

விரல்களின் வழியே நீர் இறங்கி முழங்கைக்கு வந்தது. அவள் துடைக்கவில்லை.

வெட்டுப்பட்ட தலையை, இருந்தபடியே தலைகீழாக, தண்ணீரில் வைத்தாள். பிள்ளையைக் கிடத்துவதுபோல, அடியில் கொடுத்த கையைக் கடைசியாகத்தான் எடுத்தாள். உள்ளே வேர்கள் மெல்ல விரிந்தன.

"இது இருக்கட்டும்ண்ணே."