மதிலுக்கு வெளியே ஒரு வாளி

நண்பகல் வெயிலில், கோட்டைக் கிணற்றின் பெரிய மரச்சக்கரத்துக்குள் டொரோட்டாவும் அவள் நாத்தனார் சுசானாவும் நடந்துகொண்டிருக்கிறார்கள். ஆள் உள்ளே நடந்தால்தான் சக்கரம் சுழலும், கயிறு மேலே வரும். எதிரி ஏற முடியாத பாறை என்று பார்த்துப் பார்த்துத்தான் பழைய பிரபு இந்த உச்சியில் கோட்டையைக் கட்டினார். தண்ணீராலும் ஏற முடியவில்லை. கீழே ஆற்றில் முற்றுகைப் படையின் குதிரைகள் வயிறு நனைய நிற்கின்றன. வாளி வருகிறது. பாதிகூட இல்லை, அதுவும் கலங்கல். சுசானா ஆவலோடு குனியும்போது கோட்டைத் தலைவன் பாவெல் குறுக்கே கை நீட்டுகிறான். அவன் உதடும் வெடித்திருக்கிறது.

"குடிச்சிடாதம்மா. இதை மதிலுக்கு வெளியே ஊத்தணும். நம்மகிட்ட தண்ணி நிறைய இருக்குன்னு நினைச்சாத்தான் அவனுங்க கிளம்புவானுங்க."

"நல்லா இருக்குய்யா உங்க யோசனை," என்கிறாள் டொரோட்டா. "எங்களுக்கு நாக்கு ஒட்டிக்கிட்டுக் கிடக்கு, நீங்க பாறையைக் குளிப்பாட்டச் சொல்றீங்க."

சொல்லிவிட்டு அவளே வாளியைத் தூக்கிக்கொண்டு மதில்மேல் ஏறுகிறாள். கீழே இருப்பவர்கள் பார்க்கும்படி நிதானமாகக் கவிழ்க்கிறாள். நீர் வெயிலில் பளபளத்து விழுகிறது. ஆற்றங்கரையில் தலைகள் நிமிர்கின்றன. பாவெல் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவற்றையே பார்க்கிறான். டொரோட்டா பார்க்கவில்லை. இறங்கி வந்து, வாளியின் அடியில் ஒட்டிய ஈரத்தை விரலால் வழித்து சுசானாவின் உதட்டில் தடவுகிறாள்.

"உங்களுக்கு, அண்ணி?"

"இன்னும் கொஞ்சம் ஊறியிருக்கான்னு பாப்போம், வா," என்று டொரோட்டா மறுபடி சக்கரத்துக்குள் காலை வைக்கிறாள்.